கொழும்பில் பிள்ளையின் பாடசாலையை முகவரிதான் தீர்மானிக்கிறது, இதை மாற்ற என்ன செய்யலாம்?

மட்டக்குளி வாசி

அடுத்த ஜனவரியில் தரம் 1க்குப் போகவேண்டிய பிள்ளைகள் உள்ள வீடுகளில் இப்போது வேறு பேச்சே இல்லை, அதனால் இங்கேயும் தொடங்குகிறேன். 1945 ஒக்டோபர் 1 முதல் இந்த நாட்டில் கல்வி இலவசம். அப்போது கல்வி அமைச்சராக இருந்த கன்னங்கரா போராடிக் கொண்டுவந்த அந்த ஏற்பாடு இல்லையென்றால் என் அப்பா எழுதப் படிக்கவே பழகியிருக்கமாட்டார், அந்த நன்றி எனக்கு எப்போதும் உண்டு. ஆனால் இதே நகரத்தில் கொழும்பு 7இல் உள்ள பிள்ளைக்கும் எங்கள் மட்டக்குளிப் பக்கம் கொழும்பு 15இல் உள்ள பிள்ளைக்கும் கிடைப்பது ஒரே கல்வியா? பஸ்ஸில் ஒரு மணித்தியால தூரம்கூட இல்லை. அங்கே ஆய்வுகூடம், நீச்சல் தடாகம், எல்லாப் பாடத்துக்கும் ஆசிரியர். இங்கே வருடத் தொடக்கத்தில் இருந்த விஞ்ஞான ஆசிரியர் இடமாற்றம் வாங்கிப் போனால் அந்தப் பாடம் அடுத்தவர் வரும்வரை அப்படியே நிற்கிறது.

தரம் 1 அனுமதிச் சுற்றறிக்கையை எடுத்துப் பாருங்கள். பல வருடங்களாக ஒரே பங்கீடுதான்: 50 வீதம் பாடசாலைக்கு அருகில் வசிப்பவர்களுக்கு, 25 வீதம் பழைய மாணவர்களின் பிள்ளைகளுக்கு, 15 வீதம் அங்கே ஏற்கனவே படிக்கிற பிள்ளைகளின் தம்பி தங்கைகளுக்கு, மிச்சம் கல்வித்துறை ஊழியர், இடமாற்றம் பெற்ற உத்தியோகத்தர், வெளிநாட்டிலிருந்து திரும்பியவர் என்று போகிறது. அருகில் வசிப்பதை எப்படி நிரூபிப்பது? வாக்காளர் இடாப்பில் ஐந்து வருடப் பெயர், வீட்டு உறுதி (சொந்த வீட்டுப் பத்திரம்), மின்சாரப் பட்டியல், தண்ணீர்ப் பட்டியல். சொந்த உறுதிக்கு அதிகப் புள்ளி, வாடகை ஒப்பந்தத்துக்குக் குறைவு. சரி, தோட்டம் என்று நாங்கள் சொல்லும் நெருக்கமான நகரக் குடியிருப்பில் ஒரு அறையில் மூன்று தலைமுறையாக இருக்கிறவன் எந்த உறுதியைக் காட்டுவான்? நகர அபிவிருத்தி அதிகாரசபையின் கணக்கிலேயே கொழும்பு நகரில் இப்படியான குடியிருப்புகளில் 68,000க்கு மேற்பட்ட குடும்பங்கள் இருந்தன. ஏதோ ஓரத்தில் இருக்கிற நாலு பேரின் பிரச்சினை இல்லை இது, நகரத்தின் பாதியின் பிரச்சினை.

எல்லாரையும் பெரிய பாடசாலையில் சேருங்கள் என்று நான் கேட்கவில்லை, அது நடக்காது. எதைச் செய்யலாம், யார் செய்யவேண்டும் என்று கதைப்போம்.

வெள்ளவத்தை பழைய மாணவன்

அண்ணா, உங்கள் ஆதங்கம் புரிகிறது, ஆனால் ஆவணங்களை இவ்வளவு கடுமையாக்கியதற்கும் காரணம் இருக்கிறது. பாடசாலை மதிலுக்குப் பக்கத்து வீட்டில் ஒரே முகவரிக்கு எத்தனை குடும்பங்கள் பதிந்திருக்கிறார்கள் என்று நேர்முகப் பரீட்சைக்குப் போனவர்களைக் கேளுங்கள். பொய் வாடகை ஒப்பந்தம், வேறொருவரின் மின்சாரப் பட்டியல் எல்லாம் நடக்கிறது. உறுதி கேட்காவிட்டால் காசு உள்ளவன் இன்னும் இலகுவாக ஏமாற்றுவான்.

பழைய மாணவர் பங்கைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். எங்கள் பாடசாலையின் கூரை முதல் கணினி அறை வரை பழைய மாணவர் சங்கம் கட்டியது. அரசாங்கம் கொடுத்த காசில் மட்டும் அந்தப் பாடசாலை இன்று இந்த நிலையில் இருந்திருக்காது. அந்தப் பிணைப்பை அறுத்தால் நல்லதாக இருக்கிற ஒன்றும் கெட்டுப்போகும்.

ஆறாம் மாடி

நான் தெமட்டகொடைப் பக்கம் மாடிவீட்டுத் திட்டத்தில் இருக்கிறேன். 2010 மே மாதம் கொம்பனித்தெரு மியூஸ் வீதியில் வீடுகளை இடித்ததில் இருந்து எத்தனை குடும்பங்களை இப்படி எடுத்துவந்து மாடிகளில் ஏற்றினார்கள். வீடு கிடைத்தது, மழைக்கு ஒழுகாத வீடு, அதைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் வருடத்தின் நடுவில் இடம் மாறிய பிள்ளைகளுக்கு எந்தப் பாடசாலை என்று யாரும் யோசிக்கவில்லை. ஆயிரக்கணக்கான பேரை ஒரே இடத்தில் குடியேற்றினால் பக்கத்தில் உள்ள பாடசாலைக்கு இன்னும் நாலு வகுப்பறையும் ஆசிரியரும் வேண்டும் என்பது ஒரு திட்டத்திலும் இருக்கவில்லை.

உறுதி விஷயம் கேளுங்கள். என்னிடம் இருப்பது அதிகாரசபையோடு செய்த ஒப்பந்தமும் மாதத் தவணை கட்டிய ரசீதுகளும்தான், உறுதி இன்னும் கைக்கு வரவில்லை. மூத்தவனின் நேர்முகப் பரீட்சைக்கு ஒரு பாடசாலைக்குப் போனேன், பெயர் வேண்டாம். அந்த ஒப்பந்தத்தைப் பார்த்துவிட்டு இதற்கு எந்தப் புள்ளி போடுவது என்று அவர்களுக்குள்ளேயே கதைத்தார்கள், பிறகு மிகக் குறைந்ததைப் போட்டார்கள். வீட்டைத் தந்ததும் அரசாங்கம், அந்தக் கடதாசிக்கு மதிப்பில்லை என்று சொல்வதும் அரசாங்கம்.

தம்பி பழைய மாணவன், நீங்கள் சொல்லும் பொய் ஆவணங்களை எங்கள் மாடியில் யாரும் செய்யமுடியாது. பாடசாலைக்குப் பக்கத்தில் முகவரி வாங்க வேண்டிய காசு எங்களிடம் இல்லை.

கணக்கு ரீச்சர்

கொழும்பு வடக்கில் தமிழ்மொழி மூல மாகாணப் பாடசாலை ஒன்றில் கணிதம் படிப்பிக்கிறேன். எல்லாரும் வாசல் கதவைப் பற்றிக் கதைக்கிறீர்கள், நான் உள்ளே நடப்பதைச் சொல்கிறேன்.

1987இல் 13ஆவது திருத்தத்தோடு பாடசாலைகள் இரண்டாகப் பிரிந்தன. தேசிய பாடசாலைகள் கல்வி அமைச்சின் கீழ், மற்றவை மாகாண சபையின் கீழ். நாட்டில் உள்ள ஏறத்தாழ 10,000 அரசுப் பாடசாலைகளில் தேசிய பாடசாலைகள் 400ஐத் தாண்டாது. நல்ல அனுபவமுள்ள ஆசிரியர்கள் எங்கே போக விரும்புவார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை. எங்கள் பாடசாலையில் கணிதத்துக்கு இரண்டு பேர் இருக்கவேண்டும், நான் மட்டும் இருக்கிறேன். தரம் 6 முதல் 11 வரை எல்லா வகுப்புக்கும் நானே போகமுடியாது, அதனால் கீழ் வகுப்புகளுக்கு வேறு பாட ஆசிரியர் போகிறார், அவர் மனமார உழைக்கிறார், ஆனால் பின்னங்களில் ஒரு பிள்ளைக்கு ஏன் பிழைக்கிறது என்று பிடிக்க அந்தப் பாடத்தில் பயிற்சி வேண்டும். தரம் 9இல் என்னிடம் வரும்போது அடித்தளம் இல்லாமல் வருகிறார்கள், தரம் 11 முடிவில் வரும் சாதாரண தரப் பரீட்சைக்கு மூன்று வருடம்தான் இருக்கிறது. கணிதத்தில் சித்தி இல்லாமல் பலர் உயர்தரம் (தரம் 12, 13) போகாமல் அத்தோடு நின்றுவிடுகிறார்கள். இந்தப் பிள்ளைகள் மொக்கு இல்லை. புறக்கோட்டையில் அப்பாவோடு கடையில் நின்று மிச்சக்காசு எண்ணிக் கொடுக்கிற பிள்ளை, வீதக்கணக்கை மனதிலே செய்கிறான், தாளில் எழுதத் தெரியவில்லை.

இன்னொன்று, எங்களைப் போன்ற பாடசாலைகள் தரம் 11ஓடு முடிகின்றன. சாதாரண தரத்தில் நல்ல பெறுபேறு எடுத்த பிள்ளைக்கு உயர்தர விஞ்ஞானப் பிரிவு வேண்டுமென்றால் வெளியே போகவேண்டும். நாடு முழுக்க அந்தப் பிரிவு உள்ள பாடசாலைகள் ஆயிரத்தைச் சுற்றித்தான். கொழும்பில் தமிழ்மூலம் விஞ்ஞானம் படிக்க வடக்குப் பக்கத்துப் பிள்ளைகள் பம்பலப்பிட்டி வரை 155 பஸ்ஸில் போய் வருகிறார்கள், ஆசன எண்ணிக்கையும் அளவானது. இடம் கிடைக்காத பெண்பிள்ளைகள் என்னிடம் வந்து, ரீச்சர் நான் கலைப்பிரிவே எடுக்கிறேன் என்று சொல்லும்போது அவர்கள் விரும்பி எடுக்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

அப்புறம் டியூஷன். வகுப்பில் முடிக்காத பாடத்தை மாலையில் காசுக்கு முடிப்பது நடக்கிறது, ஆசிரியர்களே செய்கிறார்கள். தன் பாடசாலைப் பிள்ளைகளிடமே காசு வாங்கிப் படிப்பிக்கக்கூடாது என்று மேல் மாகாணத்தில் சுற்றறிக்கை வந்தது, நான் அதை முழுமையாக ஆதரிக்கிறேன். என் சம்பளத்தில் கொழும்பில் வாழ்வது கஷ்டம்தான், இருந்தாலும் என் வகுப்புப் பிள்ளையின் அம்மாவிடம் நான் கை நீட்டினால், காசு தராத பிள்ளை வகுப்பில் எங்கே உட்காரும்?

ஹட்டன் பொடியன்

அக்கா சொன்னது நூறு வீதம் சரி. எங்கள் கதை இன்னும் ஒரு படி கீழே இருக்கிறது, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மலையகத்தில் இருந்து வந்து கொழும்பில் கடை, ஹோட்டல், வீட்டு வேலை என்று இருக்கிறவர்களின் பெயர் வாக்காளர் இடாப்பில் ஊரில்தான் இருக்கும். கொட்டாஞ்சேனையில் வாடகைக்கு இருக்கிறோம், வீட்டுக்காரர் எங்கள் பெயரைப் பதிய விடமாட்டார், பதிந்தால் பிறகு எழுப்பமுடியாது என்று அவருக்குப் பயம். கிராம சேவகரிடம் போனால் வீட்டுக்காரரின் கையெழுத்து கேட்பார். அதனால் பத்து வருடமாக இங்கே இருந்தாலும் கடதாசியில் நான் இங்கே இல்லை. பிள்ளையை ஊரில் அம்மாவிடம் விட்டுவிட்டு இங்கே உழைக்கிறவர்கள் எத்தனை பேர். அது கல்விக்காகச் செய்யும் தெரிவு இல்லை, இங்கே சேர்க்க வழி இல்லாததால் செய்வது.

சட்டம் படிக்கிறவள்

மேலே சொன்ன எல்லாவற்றையும் சட்டத்தின் பக்கமிருந்து பார்க்கலாம். அரசியலமைப்பின் 12(1) உறுப்புரை சட்டத்தின் முன் எல்லாரும் சமம் என்கிறது. தரம் 1 அனுமதியில் அநீதி நடந்தது என்று இந்த உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்துக்குப் பெற்றோர் தொடர்ந்து போகிறார்கள், வென்றும் இருக்கிறார்கள். ஆனால் அடிப்படை உரிமை மீறப்பட்டு ஒரு மாதத்துக்குள் மனு போடவேண்டும், சட்டத்தரணிக்குக் காசு வேண்டும், எல்லா ஆவணமும் கையில் இருக்கவேண்டும். அதனால் அங்கே வருகிற வழக்குகளில் பெரும்பாலும் நடுத்தர வர்க்கமும் நடுத்தர வர்க்கமும்தான் ஒரே ஆசனத்துக்கு மோதுகின்றன. தோட்டத்தில் இருக்கிறவர் அந்த வாசலுக்கே வருவதில்லை.

வெள்ளவத்தை அண்ணாவுக்கு ஒரு கேள்வி. பழைய மாணவர்கள் பாடசாலைக்குக் காசு கொடுப்பது நல்லது, கொடுக்கட்டும். ஆனால் அது அரசுப் பாடசாலை, ஆசிரியர் சம்பளம் மக்கள் வரியில் போகிறது. அப்பா படித்தார் என்பதற்காக மகனுக்கு நாலில் ஒரு ஆசனம் என்றால், அப்பாவுக்கு அந்த வாய்ப்பு கிடைக்காத குடும்பம் எந்தக் காலத்தில் உள்ளே வரும்?

வெள்ளவத்தை பழைய மாணவன்

நியாயமான கேள்வி. 25ஐக் குறைத்து 10 ஆக்கினால் நான் எதிர்க்கமாட்டேன். ஆனால் அந்த 15ஐயும் அருகில் வசிப்போருக்கே கொடுத்தால் கொழும்பு 7 கறுவாத்தோட்டத்தில் வீடு உள்ளவனுக்குத்தான் போகும். அப்போது யாருக்கு இலாபம்?

மட்டக்குளி வாசி

அதுதான் நானும் சொல்ல வந்தது. அருகில் என்ற விதி நல்ல நோக்கத்தோடு வந்தது, பிள்ளை நடந்து போகட்டும் என்று. ஆனால் பணக்காரரும் ஏழையும் தனித்தனியாக வாழ்கிற நகரத்தில் அந்த விதி அந்தப் பிரிவை அப்படியே பாடசாலைக்குள் கொண்டுபோகிறது. காணி விலை பாடசாலையின் பெயரோடு சேர்ந்து ஏறுகிறது. 2016இல் அருகிலுள்ள பாடசாலையே சிறந்த பாடசாலை என்று ஒரு திட்டம் வந்தது, கட்டடங்கள் வந்தன, பல இடங்களில் பிரயோசனமாகவும் இருந்தது. ஆனால் ஆசிரியர் இல்லாத இடத்தில் கட்டடம் மட்டும் வந்தால் பெற்றோர் நம்பமாட்டார்கள்.

வாழைத்தோட்டம் நானா

அஸ்ஸலாமு அலைக்கும். நான் தரம் 1ஐப் பற்றிக் கதைக்கப்போவதில்லை, பதினைந்து வயதுப் பையன்களைப் பற்றிக் கதைக்கிறேன்.

2016இல் இருந்து 16 வயது வரை கல்வி கட்டாயம். எங்கள் பக்கத்தில் பதினாலு வயதில் பையன் பாடசாலைக்குக் கிழமையில் மூன்று நாள் போவான், மிச்ச நாள் புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் நாட்டாமை வேலைக்கு அல்லது மாமாவின் கடைக்கு. கையில் அன்றன்றைக்குக் காசு வருகிறது. படித்தால் என்ன கிடைக்கும் என்று அவன் கேட்டால் காட்டுவதற்கு எங்கள் ஒழுங்கையில் ஒரு ஆள் வேண்டும். 2017இல் 42 பாடசாலைகளில் 13 வருட உறுதிப்படுத்தப்பட்ட கல்வி என்று தொழிற்பிரிவு தொடங்கினார்கள், சாதாரண தரத்தில் சித்தி இல்லாத பிள்ளையும் உயர்தர வகுப்பில் இருந்து தொழில் பழகலாம் என்று. எனக்குப் பிடித்த திட்டம் அது. எங்கள் பக்கத்துப் பெற்றோரில் பாதிப்பேருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. பாடசாலைகள் சாதாரண தரப் பெறுபேறு வரும் கிழமையில் வீடு வீடாகப் போய்ச் சொல்லவேண்டும், அந்தக் கிழமையை விட்டால் பையன் போய்விடுவான்.

படிக்க இடம் இல்லை என்பதையும் எழுதவேண்டும். ஒரே அறையில் தொலைக்காட்சி, சமையல், குழந்தை. 2020 ஒக்டோபர் கடைசியில் கொழும்பு வடக்கை மூடியபோது அந்த அறையில் ஒரே ஒரு ஃபோனில் மூன்று பிள்ளைகள் வகுப்பு பார்த்தார்கள், வாப்பா வேலைக்குப் போகாததால் டேட்டா போடக் காசில்லை. அந்த இடைவெளி அப்படியே பரீட்சையில் தெரிந்தது. மாநகர சபைக்குக் கிளை நூலகங்களும் வாசிகசாலைகளும் இருக்கின்றன. அவற்றை இரவு ஒன்பது மணிவரை திறந்து, மேசையும் வெளிச்சமும் ஒரு காவலாளியும் போட்டால் போதும், இதற்குப் புதுச் சட்டம் ஒன்றும் தேவையில்லை. பெண்பிள்ளைகளுக்குத் தனி நேரமோ தனி அறையோ வைத்தால் எங்கள் பக்கத்து வீடுகளில் அனுப்புவார்கள், இதைப் பொறுப்போடு சொல்கிறேன்.

ஜிந்துப்பிட்டியான்

நான் இப்போது களனி வளாகத்தில் மூன்றாம் வருடம். நானா சொன்னதற்குப் பிறகு பல்கலைக்கழக அனுமதியையும் சொல்லவேண்டும், ஏனென்றால் கொழும்பு ஏழைக்கு அங்கேயும் ஒரு சுவர் இருக்கிறது, அதை யாரும் கதைப்பதில்லை.

கலைப்பிரிவு தவிர்ந்த பெரும்பாலான துறைகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்ட அடிப்படை, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. நுவரெலியா, மொனராகலை, முல்லைத்தீவு போன்றவை அந்தப் பட்டியலில் இருப்பது மிகவும் நியாயம், அதில் ஒரு ஆசனத்தையும் குறைக்கக்கூடாது. ஆனால் கொழும்பு மாவட்டம் முழுவதும் ஒரே கணக்கு. புளூமெண்டால் குப்பைமேட்டுக்குப் பக்கத்தில் வளர்ந்த பிள்ளையும் கொழும்பு 7 பிள்ளையும் ஒரே வெட்டுப்புள்ளியைத் தாண்டவேண்டும், அது நாட்டிலேயே மிக உயர்ந்தவற்றில் ஒன்று. மாவட்டம் என்பது வறுமையை அளக்கும் கோலாகக் கொழும்பில் வேலை செய்யவில்லை. பிள்ளை படித்த பாடசாலையின் வகையையோ குடும்ப வருமானத்தையோ சேர்த்துப் பார்க்கலாம்.

கணக்கு ரீச்சர்

தம்பி, வருமானத்தைச் சேர்த்தால் திரும்பவும் கடதாசிப் பிரச்சினை வரும். தரம் 5 புலமைப்பரிசில் உதவிப்பணத்துக்கு வருமானச் சான்று கேட்கும்போதே சம்பளப் பட்டியல் இல்லாத நாட்கூலிக் குடும்பங்கள் படும் பாடு எனக்குத் தெரியும். பாடசாலை வகையைப் பார்ப்பது நல்லது, அதைப் பொய்யாகக் காட்டமுடியாது.

ஆறாம் மாடி

கடதாசி என்று சொன்னதும் ஒன்று எழுதவேண்டும். என்னிடம் உறுதி இல்லை, ஆனால் என் சின்னவளின் கிளினிக் காட் (பிள்ளையின் சுகாதாரப் பதிவு அட்டை) இருக்கிறது. நான் வயிற்றில் சுமந்த காலத்தில் இருந்து மிட்வைஃப் அக்கா, எங்கள் பகுதியின் அரச மருத்துவமாது, வீட்டுக்கு வந்து போயிருக்கிறார். ஊசி போட்ட திகதி, எடை பார்த்த மாதம், எந்தக் கிளினிக், எல்லாம் அதில் இருக்கிறது. அவருடைய பதிவேட்டில் எங்கள் மாடியின் ஒவ்வொரு வீடும், ஒவ்வொரு பிள்ளையும் இருக்கிறது. பிள்ளை பிறந்ததில் இருந்து இந்த இடத்தில்தான் வளர்ந்தது என்று அதைவிட நன்றாக யார் சொல்லமுடியும்? இதை ஏன் வதிவுச் சான்றாக எடுக்கக்கூடாது? பழைய மாணவன் தம்பி சொன்ன மோசடிக்காரர் ஐந்து வருடம் முன்னாலேயே யோசித்து மாதாமாதம் வேறு வட்டாரத்துக் கிளினிக்கில் போய் எடை பார்த்திருக்கமாட்டார்.

சட்டம் படிக்கிறவள்

அக்கா, இந்த இழையில் இதுவரை வந்ததில் மிக உறுதியான யோசனை இது. உறுதி சொத்தைத்தான் காட்டுகிறது, வாக்காளர் இடாப்பு வளர்ந்தவர்களைக் காட்டுகிறது. பிள்ளை எங்கே வசித்தது என்று காட்டும் அரச ஆவணம் அந்தப் பதிவு ஒன்றுதான். ஹட்டன் அண்ணாவின் பிரச்சினைக்கும் இதில் வழி இருக்கிறது, ஏனென்றால் வாடகை வீட்டுக்கும் மிட்வைஃப் வருவார், வீட்டுக்காரரின் கையெழுத்து கேட்கமாட்டார். சுற்றறிக்கையைத் திருத்தப் பாராளுமன்றம் தேவையில்லை, அமைச்சின் செயலாளர் மட்டத்தில் முடியும் விஷயம்.

ஹட்டன் பொடியன்

எங்கள் வீட்டுக்கும் வந்தார். மகளின் காட் பத்திரமாக இருக்கிறது.

வெள்ளவத்தை பழைய மாணவன்

இதை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். எங்கள் பழைய மாணவர் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இன்னொன்றையும் முன்வைக்கிறேன்: சனிக்கிழமைகளில் எங்கள் ஆய்வுகூடம் பூட்டியே கிடக்கிறது. ரீச்சரின் பாடசாலை போன்ற இடங்களில் இருந்து சாதாரண தர விஞ்ஞானப் பிள்ளைகள் வந்து செய்முறை செய்யலாம், பஸ் செலவைச் சங்கம் பார்க்கலாம். அதிபரின் அனுமதியும் வலயக் கல்விப் பணிப்பாளரின் கடிதமும் வேண்டும்.

கணக்கு ரீச்சர்

செய்யுங்கள் தம்பி, மிகவும் சந்தோஷம். ஆனால் ஒரு நிபந்தனை, வருகிற பிள்ளைகளை விருந்தாளிபோல நிற்கவைக்காமல் அவர்கள் கையாலேயே செய்யவிடவேண்டும். அதோடு இதைக் காட்டி எங்கள் பாடசாலைக்கு ஆய்வுகூடம் தேவையில்லை என்று யாரும் சொல்லக்கூடாது. நிரந்தரத் தேவை ஆசிரியர்தான். கல்வியியற் கல்லூரியில் இருந்து வெளியேறும் தமிழ்மூலக் கணித, விஞ்ஞான ஆசிரியர்களில் ஒரு பகுதியைக் கொழும்பு வடக்குக்கும் மத்திக்கும் குறைந்தது ஐந்து வருடத்துக்கு நியமிக்கவேண்டும், தங்குமிடமும் கொடுக்கவேண்டும். வெளி மாவட்டத்தில் இருந்து வரும் ஆசிரியருக்குக் கொழும்பில் அறை வாடகை கட்டினால் சம்பளத்தில் மிச்சம் ஒன்றும் இருக்காது, அதனால்தான் வந்த உடனேயே இடமாற்றம் கேட்கிறார்கள். பல்கலைக்கழக விரிவுரையாளர்கள் 2012இல் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 வீதத்தைக் கல்விக்குக் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள், இன்னும் அதன் பாதியைக்கூட நாங்கள் எட்டவில்லை.

ஒரு அம்மா

எல்லாவற்றையும் வாசித்தேன். எல்லாம் நல்ல யோசனை. ஆனால் என் மகள் வருகிற ஜனவரியில் தரம் 1, இதெல்லாம் மாறும்வரை அவள் காத்திருக்கமாட்டாள். பக்கத்துப் பாடசாலையில் சேர்த்து அதை நல்லதாக்குவதா, எப்படியாவது பெரிய பாடசாலைக்கு முயற்சி செய்வதா? தற்காலிகப் பட்டியலில் பெயர் வராவிட்டால் என்ன செய்வது என்று யாராவது தெளிவாகச் சொல்லுங்கள்.

சட்டம் படிக்கிறவள்

அக்கா, இரண்டையும் செய்யுங்கள். விண்ணப்பத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். நேர்முகப் பரீட்சையில் எந்தத் தலைப்புக்கு எத்தனை புள்ளி போட்டார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், கையெழுத்துக் கேட்டால் வாசிக்காமல் போடாதீர்கள். தற்காலிகப் பட்டியல் ஒட்டியதும் மேன்முறையீட்டுக்கும் ஆட்சேபனைக்கும் கால அவகாசம் உண்டு, திகதி அதிலேயே இருக்கும். மேன்முறையீட்டோடு கிளினிக் காட்டின் பிரதியையும் இணையுங்கள், புள்ளி கிடைக்காமல் போகலாம், ஆனால் எழுத்தில் இருக்கும். கடிதம் எழுத உதவி வேண்டுமென்றால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள், காசு வேண்டாம்.

மட்டக்குளி வாசி

கிளினிக் காட் யோசனையை ஒரு பக்கக் கடிதமாக எழுதுகிறேன், கல்வி அமைச்சுக்கும் மாகாணக் கல்வித் திணைக்களத்துக்கும். தமிழிலும் சிங்களத்திலும் வேண்டும். சிங்களத்தில் நன்றாக எழுதக்கூடியவர் யார் இருக்கிறீர்கள்?

வாழைத்தோட்டம் நானா

நான் எழுதுகிறேன். நூலக விஷயத்தையும் மாநகர சபைக்குத் தனியாக எழுதவேண்டும், இதோடு கலக்கவேண்டாம்.